முகத்துறை மடைகளுக்குப் பூட்டு அனுப்பிய ஓலை

இறையருள் முன்நிற்க.

விளக்கொளி பறந்து போகிறதே, அதற்கு மறுமொழி மட்டும் ஏன் நடந்து வருகிறது என்று முகத்துறையில் ஒரு குழந்தை முன்பொரு நாள் கேட்ட கேள்விக்கு இன்றளவும் விடை சொல்லாதவனாகிய, செவ்வரி நாட்டு ஒளிவழி அமைச்சன் திருக்கோல நம்பி, கீழைக்கரைக்குத் தாயும் காவலுமாய் விளங்குபவரும், வெள்ளத்துக்குப் பின் தம் அரண்மனை நெற்களஞ்சியத்தை முதலில் திறந்தவருமான நாட்டுத்தலைவி நீலவேணி நாச்சியாரின் திருமுன்னர் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கோயில்களில் விளக்கு எரிக. தங்கள் ஊர்களில் உலை கொதிக்க. கடலுக்குப் போன படகுகள் எல்லாம் கரை திரும்புக.

இத்துடன் அரசவையின் ஆணையோலை தனியே முத்திரையிடப்பட்டு வருகிறது. அதில் எழுத இயலாதவற்றை இதில் எழுதுகிறேன்.

அக்குழந்தை தென்மடைக் காவலன் பொறையனின் மகள் குமுதை. ஒளிவழியை ஆய்வு செய்ய நான் தங்கள் நாட்டு முகத்துறைக் கோபுரத்துக்கு வந்திருந்தபோது, படியில் அமர்ந்து புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். மடையைத் திறக்கலாமா என்று அவள் தந்தை காலையில் தலைநகருக்குக் கேட்டனுப்பியிருந்தான். பொழுது சாயும்வரை மறுமொழி வரவில்லை. அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள். நான் கோபுர விளக்கை நிமிர்ந்து பார்க்கவே, அமைச்சருக்கே தெரியாதா என்று வியந்து, பின்பு இரக்கம் கொண்டு, தன் கொட்டைகளில் பாதியை என் கையில் வைத்து மூடினாள்.

விடை எனக்குத் தெரியாததன்று, சொல்ல நாணினேன். கோபுரத்துக்குக் கோபுரம் பெருவிளக்கை மூடியும் திறந்தும் நாம் அனுப்பும் செய்தி எதுவாயினும், மன்னர்பிரானின் மெய்க்கீர்த்தி முழுவதும் முன்னே செல்ல வேண்டும் என்பது நம் மரபு. ஒவ்வொரு கோபுரமும் அப்புகழுரையை முழுவதும் வாங்கி எழுதி, பிழையற்றது என்று உறுதி செய்தபின்பே அடுத்த கோபுரத்துக்கு விட வேண்டும். இடையில் நிறுத்துவது குற்றம். இப்படி மலை தாண்டித் தலைநகர் மாடமங்கலத்துக் கணிமண்டபத்தை அடையும் கேள்விக்கு, அங்குள்ள கணியர்கள் மழையையும் நீர்வரத்தையும் கணித்து விடை காண்பர். அவ்விடையும் அதே மெய்க்கீர்த்தியின் பின்னால்தான் திரும்பி வர வேண்டும்.

கேள்வி பிறக்கும் இடத்திலேயே விடையும் பிறக்கட்டும் என்று அவையில் மன்றாடி, முகத்துறையில் ஓர் ஓரக்கணிமனை அமைக்க அன்று இசைவு பெற்றேன். கணியன் வெண்பூதன், கணிமண்டபத்து விதிகளையும் அரண்மனை மருத்துவரின் குறிப்புகளையும் படியெடுத்துக்கொண்டு அங்கே வந்து தங்கினான். ஆண்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும் வழக்கம்போல் தலைநகருக்குப் போயின; காத்திருக்க முடியாத கேள்விகள் மட்டும் அங்கேயே முடிந்தன. மடைகள் வேளையில் திறந்தன. காற்று மாறுமுன் படகுகள் அழைக்கப்பட்டன. மாடமங்கலத்துக் கொல்லன் பெருஞ்சாத்தனின் மகள் தங்கள் நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் பேறுகாலத்தில் குழந்தை குறுக்கே கிடக்க, மருத்துவச்சி ஓடிவந்து வெண்பூதனைக் கேட்டாள். அவள் சொல்லி முடிக்குமுன்பே அவன் உரிய குறிப்பை எடுத்து வாசித்தான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

கணிமனையை மூட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது இவை எல்லாவற்றையும் நான் அவையில் சொன்னேன். நாட்டின் ஓரத்தில் இருப்பவன் தானே முடிவு செய்வதானால் தலைநகர் எதற்கு என்று கருவூலம் காக்கும் பண்டாரநாயகர் வினவினார். இனி மழையும் நம்மைக் கேளாமலே பெய்யும் போலும் என்று அருகிருந்தவர் நகைக்க, அவை முழுவதும் சிரித்தது. வெள்ளச் செய்திக்கு மட்டுமாவது மெய்க்கீர்த்தியைச் சுருக்க அருள வேண்டும் என்றேன். மன்னரின் புகழைக் குறைப்பது மன்னரின் ஆயுளைக் குறைப்பதாகும் என்று அதை இயற்றிய புலவர் விடையளித்தார். ஆவணியில் கணிமனை மூடப்பட்டது. வெண்பூதன் உப்பளங்களுக்கு அளவுகாரனாய் மாற்றப்பட்டான். அதே திங்களில் மன்னர்பிரான் ஒரு போரில் வென்றதால் மெய்க்கீர்த்தி மேலும் நீண்டது.

ஐப்பசியில் நிகழ்ந்ததைத் தாங்கள் கண்ணால் கண்டீர்கள். கொன்றையாறு கரை விளிம்பைத் தொட்டபோது பொறையன் கேட்டனுப்பினான். மறுமொழி வரத் தொடங்கியது. கோபுரக் காவலன் மரபுப்படி மன்னரின் குலத்தையும் கொடையையும் வெற்றிகளையும் எழுதிக்கொண்டே நின்றான். இன்னும் வரவில்லையா என்று கீழிருந்து பொறையன் கேட்டபோதெல்லாம், இன்னும் வெற்றிகள் முடியவில்லை என்றே அவன் விடை கூறினான் என்கிறார்கள். பொறுக்கமாட்டாமல் பொறையன் தாழ்ப்பாளை உடைத்துத் தென்மடையைத் திறந்தான். அதற்குள் கரை போய்விட்டது. கீழ்த்தெருவும் அதில் இருந்தவர்களும் போனார்கள். அன்று அத்தெருவில் இருந்த குமுதையும் போனாள். தென்மடையை உடனே திறக்கவும் என்ற செய்தி அதன் பின்பு பிழையின்றி வந்து சேர்ந்தது.

அச்செய்தி பிழையின்றி இருந்ததைக் கொண்டே, தலைநகரின் கணிப்பில் குறையில்லை என்று அவை முடிவு செய்தது. உத்தரவுக்கு முன் மடை திறக்கப்பட்டதே கேட்டுக்குக் காரணம் என்றும், இனி ஆற்றோர மடைகள் யாவும் பூட்டப்பட வேண்டும் என்றும், மறுமொழி முழுவதும் எழுதி முடிந்த பின்பே கோபுரக் காவலன் திறவுகோலைக் கொடுக்க வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. நான் எதிர்த்துரைத்தேன், என் சொல் ஏறவில்லை. அடுத்த மழை தொலைவில் இல்லை. மீதமுள்ள கரையில் மேல்தெருவும் பொறையனின் வீடும் இன்னும் நிற்கின்றன. நல்ல செய்தி ஒன்றையும் தங்களுக்கு எழுதக் கூடவில்லை, பொறுத்தருள்க.

பூட்டுகளைச் செய்யும் பணி பெருஞ்சாத்தனுக்கு அளிக்கப்பட்டது. தன் மகளைக் காத்த கணிமனையைப் பற்றி அவன் அவைக்கு வந்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்பார் இல்லை. வேலை முடியும்வரை பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே செய்தான். வண்டியில் ஏற்றுமுன் நான் ஒரு பூட்டை எடுத்துப் பார்த்தேன். கனத்த, அழகிய பூட்டு. திறவுகோலுக்குத் திறந்தது. பின்பு திறவுகோல் இல்லாமல், அவசரத்தில் ஒருவன் இழுப்பதுபோல் கீழ்நோக்கி வலுவாக இழுத்தேன். அதற்கும் திறந்தது. மற்றொன்றும் அப்படியே. எல்லாம் அப்படியே. அவற்றை மீண்டும் அழுத்தி மூடி, வைக்கோலிட்டு அடுக்கினேன். அவன் வாசலில் நின்று வண்டிமாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். பூட்டுகள் குறையற்றவை என்று கணக்கில் எழுதினேன். என் பொய்க்கு இறைவன் முன் நான் நின்றுகொள்கிறேன்.

இது பெரிதன்று என்பதை அறிவேன். எப்போது இழுக்க வேண்டும் என்று கணித்துச் சொல்ல வெண்பூதன் அங்கில்லை, ஆறோ பெரிது. ஆயினும் இழுத்தால் திறக்கும் என்பதைப் பொறையன் ஒருவன் அறிந்திருந்தால் போதும்.

ஆதலால் ஆணைப்படி மடைகள் யாவற்றிலும் இப்பூட்டுகளை மாட்டுக. மாட்டப்பட்டன என்று அவைக்கு எழுதுக. அவற்றைச் சோதிக்க வேண்டும் என்று ஆணையில் எங்கும் இல்லை. மன்னர்பிரானின் மெய்க்கீர்த்தி இவ்வோலையின் தலையில் இடம்பெறாதது மறதியன்று. கடைசியில் எழுத நினைத்தேன், ஏட்டில் இடமில்லை. வாசித்தபின் இதைக் கொன்றையாற்றில் விடுக. ஒளிவழி முத்திரைக்குப் பதிலாக இதன் கயிற்றில் ஒரு புளியங்கொட்டையைக் கோத்திருக்கிறேன். அதை மட்டும் பொறையனிடம் சேர்க்க.