உங்கள் நம்பருக்கு வந்த செய்தி

சிந்து அப்பாவுக்கு,

பக்கத்து வீட்டுப் போனில் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆடியில் மொரப்பூர் முகாமில் ஏஐ மெஷின் வைத்து என் மார்பைப் படமெடுத்தார்கள். என்னிடம் போன் இல்லாததால் உங்கள் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

நேற்று நர்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். "புற்றுநோயா இருக்கலாம்னு மெஷின் காட்டுச்சு, மறுநாளே மெசேஜ் போட்டோங்கக்கா. போன் பண்ணினா, நீங்க ஊர்ல இல்லைன்னு உங்க வூட்டுக்காரர் சொன்னாருங்க."

சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் தையில் வைத்திருந்த சிந்துவின் கல்யாணம் நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டீர்கள்; அது முடிந்த பிறகும் சொல்லவில்லை. பந்தியில் நான் ஓடி ஓடிப் பரிமாறியதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்?

இப்போது கட்டி கைக்கே தட்டுப்படுகிறது. நாளை தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். துணைக்கு வருவது சம்பந்தியம்மாதான்.

நீங்கள் பெங்களூரிலேயே இருங்கள்.

சிந்துவின் அம்மா