பூட்டுக்காரன் சிரித்த இடம்

இன்று காலை உன் அம்மா, நம் இன்டர்மீடியட் வகுப்பு இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார். வடக்குச் சித்திரை வீதி வீட்டைக் காலி செய்துவிட்டு உன் அக்காவோடு இருக்கப் போகிறாராம். பிரித்ததும் உன் மருந்து வாசனை குப்பென்று அடித்தது. நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. வாசனைக்கு மட்டும் போக மனமில்லை போலிருக்கிறது.

புத்தகம் அந்தப் பூட்டுக்காரன் கதையில்தான் திறந்துகொண்டது. பாழடைந்த கோட்டை ஒன்றின் பிரபு, நிலவறைக்குப் பூட்டு செய்ய ஒருவனை வரவழைக்கிறான். வேலை முடிந்ததும், "உள்ளே அகப்பட்டவன் இதைத் திறக்க முடியுமா?" என்று கேட்கிறான். "செய்த என்னாலேயே முடியாது, பிரபுவே!" என்று பெருமையாகச் சிரிக்கிறான் பூட்டுக்காரன். அடுத்த பக்கத்தில் அவனையே உள்ளே தள்ளிப் பூட்டிவிடுகிறான் பிரபு.

புரொபசர் அதை ஐரனி என்றார். என் மண்டையில் ஏறவில்லை. காலேஜ் விட்டுக் காவேரிப் பாலத்தில் நடந்து வரும்போது நீதான் விளக்கினாய். "படிக்கிற நமக்கெல்லாம் தெரியறது, அவனுக்கு மட்டும் தெரியலை. அதான்டா, அசடே!" என்று முதுகில் தட்டினாய். தட்டிய கையோடு இருமினாய். நான் அதைக் கவனிக்கவில்லை.

ஆறே மாதத்தில் க்ஷயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் வெறும் சளி என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை உன் அப்பா என்னைக் கூடத்தில் உட்காரவைத்து, "சித்திரைத் தேர் வரைக்கும் தாங்கினாலே பெரிசுங்கறார் டாக்டர். அவனுக்குத் தெரியப்படாதுப்பா," என்றார். நிமிர்ந்தால், கதவைப் பிடித்துக்கொண்டு நீ.

பேச்சில் அடிபட்டவர் எதிரே வந்து நின்றால் நம் வீடுகளில் சொல்வது, யோசிக்காமல் என் வாயிலும் வந்துவிட்டது. "உனக்கு ஆயுசு நூறுடா! இப்பதான் உன்னைப் பத்திப் பேசிண்டிருந்தோம்!"

உன் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். நீ சிரித்தாய். "நூறெல்லாம் எதுக்குடா? சலிச்சுப் போயிடும்," என்றாய்.

அதன்பிறகு தினமும் வந்தேன். மெட்ராஸில் லா காலேஜில் சேரலாம், இரண்டு பேரும் ஒரே அறை எடுக்கலாம் என்று அளந்தேன். "திருவல்லிக்கேணியில எடுக்கலாம்டா, சமுத்திரக் காத்து வரும்," என்று நீ இடம்கூடச் சொன்னாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக எனக்குப் பெருமை. தேருக்குப் பத்து நாள் முன்பே நீ போய்விட்டாய். ஒன்றும் தெரியாமல் நிம்மதியாகப் போனான் என்றே இத்தனை வருஷமும் என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

பூட்டுக்காரன் சிரிக்கும் வரிக்குப் பக்கத்தில், நடுங்கிய பென்சில் எழுத்தில் உன் குறிப்பு இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையின் தேதியும் போட்டிருக்கிறாய். "இவனுக்கும் தெரியும். பிரபு சங்கடப்படக் கூடாதே என்று சிரிக்கிறான்."

ஆக, தெரியாதவன் நான்தான். நாலு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்காக ஒருவர் பொய் பேசியிருக்கிறோம். நான் அப்படிச் சளசளக்காமல் இருந்திருந்தால், பயமாயிருக்கிறது என்று ஒரு தடவையாவது சொல்லியிருப்பாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு அழவாவது அழுதிருப்பேன். இனி அதற்கு வழியே இல்லை.

சாயங்காலம் நானும் மனைவியும் எங்கள் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே, அவள் பள்ளிக்கூடம் விட்டு உள்ளே வந்தாள். "ஆயுசு நூறுடி உனக்கு!" என்றாள் அவள் அம்மா. நானும் சொல்வேன் என்று குழந்தை என் முகத்தைப் பார்த்தது. நான் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.