ஸௌம்யா அக்காவின் கண்ணாடி அறை

2001 பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று மாடியின் முன்சுவரை இடித்தார்கள். கொள்ளுத்தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை. கடப்பாரை பட்டதும் மாவு மாதிரி உதிர்ந்தது. படியில் உட்கார்ந்து வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். கால்சியம் கார்பனேட் பாடத்தின் மேலேயே கால்சியம் கார்பனேட் விழுந்தது. சிரிப்பு வரவில்லை.

அங்கே அக்காவுக்கு அறை வரப்போகிறது. வீதியைப் பார்த்த பக்கம் முழுக்கக் கண்ணாடி. பஸ் கவிழ்ந்ததிலிருந்து அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. போன வருஷம், பெருமாள் கருடன் மேல் வீதி வரும் கருடசேவைக்கு, வாசலில் கட்டில் போட்டோம். அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் ஜனங்களின் முதுகு. "இனிமே எனக்குப் பெருமாள் கிடையாதாப்பா?" என்று கேட்டாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அப்பா அதற்குத்தான் இடிக்கிறார்.

பிப்ரவரி 14

எதிராத்து வரதராஜன் மாமா வந்தார்.

"ஹயக்ரீவா, பெருமாள் கீழ எழுந்தருளறச்சே மாடில மனுஷா நிக்கலாமோ?"

கருடசேவை அன்றைக்கு எங்கள் வீதியில் யாரும் மாடிக்குப் போகமாட்டார்கள். குழந்தைகளைக்கூட இறக்கிவிடுவார்கள். பெருமாளுக்கு மேலே நாம் இருக்கக் கூடாது.

"நிக்கலையே ஓய். என் பொண்ணு படுத்துண்டுன்னா இருக்கா," என்றார் அப்பா.

மாமா சிரித்துவிட்டார். சிரித்ததற்காகக் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்.

மார்ச் 3

அப்பா இயற்பியல் வாத்தியார். காகிதத்தில் கருடன், பெருமாள், கட்டில் எல்லாம் வரைந்து கோணம் அளந்தார். அப்புறம் என்னைத் தெருவில் ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டு, மாடியில் படுத்துப் பார்த்தார்.

"தெரியறது! உன் மூக்குகூடத் தெரியறது!"

என் வகுப்புக் காயத்ரி, தறிக்காரர் வீட்டுப் பெண், அந்தப் பக்கமாக வந்தாள். "இன்னாடி பண்ணிக்கினு இருக்கே?"

"பெருமாளா நிக்கறேன்."

"நில்லு, நில்லு. உண்டியல் எங்க?"

மார்ச் 20

கண்ணாடி வைக்கோலில் சுற்றி வந்து இறங்கியது. ஒன்றும் உடையவில்லை.

ஏப்ரல் 8

அக்காவை நாற்காலியோடு மேலே தூக்கிப் போனோம். கொத்தனார் குமாரவேலும் ஒரு கை பிடித்தார். "சார், மத்தியானத்துல இது அடுப்பாட்டம் இருக்கும். பாப்பாவுக்கு ஒரு ஸ்கிரீன் போட்டுடுங்க," என்றார்.

அக்கா வெகுநேரம் தெருவையே பார்த்தாள். "நம்ம தெருவுல இத்தனை வழுக்கையா?" என்றாள். அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கீழே போய்விட்டாள். சிரித்தாளா, அழுதாளா, தெரியவில்லை.

ஜூன் 5, கருடசேவை

விடியும்போதே வீதி நிறைந்துவிட்டது. மாடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் அக்காவின் தோளை உயர்த்திப் பிடிக்க. அப்பாவும் அம்மாவும் கீழேயே நின்றுவிட்டார்கள். தங்களுக்காக மாடியேற அவர்களுக்கு மனசு வரவில்லை.

இரண்டு பக்கமும் சுவர் என்பதால் வீதிக் கோடியில் வரும்போது தெரியாது. வாசலுக்கு நேரே வர வேண்டும்.

வந்தது. குடை.

பெரிய வெள்ளைக் குடை. அது நகர்ந்ததும் பெருமாள் தெரிவார் என்று காத்திருந்தேன் — குடை நகருமா? அவரோடுதானே அது போகும்? ஹாரத்திக்காக எங்கள் வாசலில் நின்றார். குடை நின்றது. ஓரத்தில் கருடனின் இறக்கை நுனி மட்டும் மின்னியது. பிறகு அதுவும் போய்விட்டது.

கீழே நிற்பவர்களுக்கோ தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கோ குடை மறைக்காது. யாராவது ஒருத்தர் ஒரு தடவை மேலேயிருந்து பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்கள். இந்த வீதியில் யாருமே பார்த்ததில்லை. அப்பாவின் படத்திலும் குடை இல்லை.

"குடைத் தொங்கல் புதுசு போலருக்கு," என்றாள் அக்கா.

அப்பா மூச்சிரைக்க ஏறி வந்தார். "சேவிச்சியாம்மா?"

"நன்னா சேவிச்சேன்பா."

"திருமுகம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுப்பா."

என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவேண்டும். வரவில்லை.

ஜூன் 6

பள்ளிக்குப் போனேன். என்ன பாடம் நடந்தது என்று நினைவில்லை.

ஜூன் 9

ஏன் தலையாட்டினேன்? அப்பாட்ட சொல்லிட்டா என்ன ஆயிடும்? — என்னால சொல்ல முடியல. அக்கா நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறாள். தூங்குவதில்லை.

ஜூன் 17, ஞாயிறு

வரதராஜன் மாமா வந்தார். உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். மாமி கிணற்றடியில் விழுந்ததிலிருந்து வாசல் தாண்டுவதில்லை.

"அடுத்த வருஷம் அவளையும் மேல ஒரு ஓரமா… நிக்கமாட்டா. உக்காந்துக்கறேங்கறா."

அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மாடியைப் பார்த்துக் கேட்டார்: "ஸௌம்யா, மாமி வரலாமாம்மா?"

"வரட்டும்பா."

நான் மேலே ஓடினேன். "அக்கா, மாமிக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சதுதான்."

"மாமாட்ட சொல்லிடுவாளே?"

"சேவிச்சேன்னுதான் சொல்லுவா. நீ வேணா பாரு." கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

கீழே அப்பா மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: இரண்டு பேருக்கு இடம் பற்றாது, பக்கச் சுவரையும் எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டுவிடலாம் என்று.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"எந்தப் பக்கத்துச் சுவர்னு கேளுடி," என்றாள். "பெருமாள் வரற பக்கமா?"