மூலைக் கட்டத்து ராஜா

அந்த எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை, தெரியுமா? இன்று மத்தியானம் சதுரங்கத் துணியை உதறி விரித்தேன், அறை முழுக்கக் குற்றாலம் வந்துவிட்டது. தலையில் வைத்த எண்ணெயைக் கழுவ அருவிக்குப் போகாமல், அப்படியே ஆட வந்து உட்கார்ந்து முழங்கையை ஊன்றினாயே, அந்தக் கறை வலது ஓரத்தில் அப்படியே இருக்கிறது. கோமதி சீயக்காய் போட்டுக் கசக்கிப் பார்த்துவிட்டு, "ஒங்க சேக்காளிய மாதிரியே இதுவும் சொன்ன பேச்சு கேக்காது" என்று விட்டுவிட்டாள்.

நீ போன சேதியை உன் தம்பிதான் வந்து சொன்னான். கொழும்பில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லையாம். அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுச் சாவி ஒங்ககிட்டதான இருக்கு அண்ணாச்சி? ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுதேன். யாருக்காவது வாடகைக்கு விடணும்" என்றான். இன்று ஞாயிறு. சாவி என் எதிரில் கிடக்கிறது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் காய்களை அடுக்கினேன்.

எந்த ஆட்டம் என்று கேட்காதே. "அந்த ஆட்டத்தத் திருப்பி வச்சுப் பாருலே" என்று ரயிலடியில் சொல்லிவிட்டுப் போனாயே, அதேதான். இத்தனை வருஷம் அதை நான் தொடவில்லை. கோபம். ஆனால் ஒரு நகர்த்தலும் மறக்கவில்லை. ஜெயித்த ஆட்டம் மறக்கும், தோற்ற ஆட்டம் மறக்குமா?

சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசி வக்கீல்கள் குற்றாலத்தில் பங்களா எடுப்பார்கள். அவர்கள் கிளப்பின் சதுரங்கப் போட்டியும் கூடவே அங்கே போய்விடும். முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதுகிற என்னையும், பள்ளிக்கூட வாத்தியாரான உன்னையும் ஆள் எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருஷம் கடைசி ஆட்டம் நம் இருவருக்கும் என்று வந்து விழுந்தது. வராந்தாவில் குரங்கு ஒரு காலாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அதற்குப் பதில் நீ ஒரு கொட்டைப்பாக்கை வைத்தாய்.

அந்த வருஷம்தானே கிளப் செயலாளர் இங்கிலீஷ் சட்டத்தைக் கொண்டுவந்தார்! நம் நாட்டு ஆட்டத்தில் ராஜாவுக்கு ஒரே ஒரு முறை குதிரை போலப் பாய உரிமை உண்டு. அதுவரை செக் வாங்காமல் இருந்தால் போதும். இங்கிலீஷ் ஆட்டத்தில் அது கிடையாது. ராஜா எந்தப் பக்கம் போனாலும் ஒரு கட்டம்தான். அவர் படித்துக் காட்டினார், நாமும் தலையாட்டினோம். தலை ஆடியதே தவிர, கைக்குத் தெரிய வேண்டாமா?

அந்தப் பாய்ச்சல் மேல் எனக்கு இருந்த பிரியம் உனக்குத் தெரியும். எங்கள் அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டு அறையில் ஒரே சன்னல், அதுவும் தொழுவத்தைப் பார்த்தது. கல்யாணமாகி வந்த நாள் முதல் கோமதி தன் அடுப்பு என்று ஒன்றைப் பற்ற வைத்ததில்லை. மதினி அளந்து போட்டால்தான் அரிசி. நான் செருப்பை மாட்டினால் முன்கட்டிலிருந்து, "எங்கலே கெளம்பிட்ட?" என்று குரல் வரும். தலை நரைக்க ஆரம்பித்தவனைப் பார்த்து! அண்ணாச்சி கெட்டவரும் இல்லை, அதுதான் தொல்லை. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர். அவர் முன்னால் என் நாக்கு எழும்பாது.

அதனால்தான் கொழும்பு என்று நீ சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. ஒரு கடையில் உனக்குக் கணக்கு எழுதுகிற வேலை, எனக்கும் சொல்லி வைத்திருந்தாய். கடலைத் தாண்டிவிட்டால் அந்தக் குரல் எட்டாதே. ஒரே பாய்ச்சல்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். என் ராஜா கடைசி வரிசையில், முன்னால் என் காலாட்கள் மூன்று பேர். உன் யானை கடைசி வரிசைக்கு இறங்கப்போகிறது என்று தெரிந்துவிட்டது. இறங்கினால் முடிந்தது கதை. நான் கொஞ்சம்கூடப் பதறவில்லை. ராஜாவை எடுத்தேன், காலாட்களைத் தாண்டி ஒரே பாய்ச்சலாக வெளியே வைத்தேன். மீசையைக்கூடத் தடவினேன் என்று நினைக்கிறேன்.

"என்னவே இது, குமாஸ்தா?" என்றார் செயலாளர். வராந்தாவே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. "தாவட்டும் சார், எனக்குச் சம்மதம்" என்றாய். "உமக்குச் சம்மதமா இருந்தா ஆச்சா? சட்டத்துக்குச் சம்மதம் இல்லயே. தொட்ட காயை நகத்தித்தான் ஆவணும். ராஜாவை ஒரு கட்டம் வையும்" என்றார் அவர்.

மானம் போன ஆத்திரத்தில் ராஜாவை எடுத்து மூலையில் வைத்தேன். உன் யானை இறங்கியது. என் காலாட்களே எனக்குச் சுவர். மேட்.

திரும்பும் ஜட்காவில் நான் உன்னோடு பேசவில்லை. மறுவாரமே கொழும்புப் பேச்சை அண்ணாச்சியிடம் எடுத்தேன். "கடல் தாண்டிப் போயி என்னத்தச் சம்பாரிக்கப் போற? இங்கன ஒனக்கு என்ன கொறச்சல்?" என்றார். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டேன். நீ தனியாகக் கிளம்பினாய். அம்மாவும் போய்விட்ட உன் வீட்டுச் சாவியை ரயிலடியில் என் கையில் வைத்து அழுத்தி, "பூட்டியே போட்டுராதலே. வீடுன்னா அடுப்பு எரியணும்" என்றாய். அப்புறம்தான் ஆட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்க்கச் சொன்னாய். வண்டி நகர்ந்துவிட்டது.

நான் என்ன செய்தேன், சொல்லட்டுமா? வெள்ளிக்கிழமைதோறும் உன் வீட்டைத் திறந்து பெருக்கி, விளக்கேற்றிவிட்டு, பூட்டிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குத் திரும்பினேன். ரெண்டு தெரு தள்ளித்தான். ஒருநாள் என்னோடு வந்த கோமதி வாசலை விட்டு இறங்கவே மனமில்லாமல் நின்றாள்.

"கொழும்பு அண்ணன் என்ன சொல்லிட்டுப் போனாவ? அடுப்பு எரியணும்னுதான? நாம இங்கன வந்து இருந்தா என்ன?"

"ஒரே ஊர்ல அண்ணாச்சிய விட்டுத் தனியாவா? ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டுமே."

"கொஞ்சம் பொறு, கொழும்புக்குப் போயிருவோம்" என்றேன். அப்புறம் யுத்தம் வந்தது. யுத்தம் முடியட்டும் என்றேன். அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

இன்றைக்கு அந்த இடம் வரை காய்களை நகர்த்தி, ராஜாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டப்படி எனக்கு இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று மூலை. மற்றது நடுப்பக்கம், உன் குதிரைக்கு எதிரே. அன்று அந்தப் பக்கம் நான் திரும்பியே பார்க்கவில்லை. இன்று வைத்துப் பார்த்தேன். உன் குதிரை அந்தக் கட்டத்தைத் தொடவே இல்லையடா பாவி! சும்மா முறைத்துக்கொண்டு நிற்கிறது. உன் யானை இறங்க வேண்டிய இடத்தை ராஜாவே காக்கிறார். இறங்கினால் யானை போச்சு. ஆட்டம் உயிரோடு இருக்கிறது!

அப்போதே உனக்குத் தெரியும். தெரிந்துதான் ரெண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுச் சாவியைக் கொடுத்தாய். விளங்கும்படி இரண்டு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? திட்டக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டாயே. கொஞ்ச நேரம் துணியில் முகத்தை வைத்து அழுதேன்.

சத்தம் கேட்டுக் கோமதி வந்தாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது. ராஜா நின்ற இடத்தையும் போயிருக்க வேண்டிய இடத்தையும் காட்டினேன்.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "ஒரு கட்டந்தானா?"

பிறகு சாவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அங்கன அடுப்புக்கல்லு கெடக்குல்லா?" என்று கேட்டாள். கிடக்கிறது என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் அடுக்குகிற சத்தம் கேட்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் தம்பி வந்துவிட்டான். அண்ணாச்சி அவனை முன்கட்டில் உட்கார வைத்து உன்னைப் பற்றித்தான் விசாரிக்கிறார். அவர் எதிரில் போய் நின்று, "அந்த வீட்டுக்கு நாங்க குடி போறோம்" என்று சொல்ல வேண்டும். நாக்கு இப்போதே ஒட்டிக்கொண்டுவிட்டது. "ஏலே, சாவிய எடுத்துட்டு வா" என்று குரல் வருகிறது.

எடுத்துவிட்டேன். கையில்தான் இருக்கிறது. தொட்ட காயை நகர்த்தித்தான் ஆகவேண்டும், இல்லையா?