இரவுப் பொத்தான்

வெண்டெல், இன்று காது டாக்டரிடம் போக வேண்டாம். போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிட்டேன். உன் காதுக்கு ஒன்றுமில்லை.

பேத்தி தூங்கட்டும் என்று ஆம்ப்ளிஃபயரில் இரவுப் பொத்தானை அமுக்கியது நான்தான். அது முணுமுணுப்பைத் தூக்கி, முழக்கத்தை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். ஒரு ராத்திரிக்குத்தான் போட்டேன். வீடு அமைதியாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

"ட்ரம்ஸ் அடி நெஞ்சுல விழவே மாட்டேங்குது லோர்னா, வயசாயிடுச்சு போல" என்றாய். "ஆமா, யாருக்குத்தான் ஆகல" என்றேனே, அதுதான் உறுத்துகிறது.

பொத்தானை அணைத்துவிட்டேன். ஓவன் அடுப்பில் மக்ரோனி இருக்கிறது.

பி.கு.: குழந்தையோடு நூலகம் போகிறேன். சாயங்காலம்தான் வருவோம். உன் ரெக்கார்டைப் போடு, ஜன்னல் அதிரட்டும். வந்ததும் என்னைத் திட்டு. அதையும் முழுச் சத்தத்தில்.