மாம்பழமும் பாலும் என்னைக் கொல்லவில்லை

சாவோ பாலோ, செவ்வாய்க்கிழமை

அம்மா, முதலில் உன் ஆசீர்வாதம் வேண்டும். முழங்கால் வலி தேவலையா? என் இணையதளத்தில் எழுதினால், எனக்கு ஞானஸ்நானத்தில் தாயாக நின்ற சுலெய்டி ஞானத்தாய் நம் ஊருக்கே வாசித்துக் காட்டுவார். அதனால்தான் இந்தக் காகிதக் கடிதம்.

மாம்பழத்தோடு பால் சேர்ந்தால் சாவுதான் என்று சொல்லித்தானே என்னை வளர்த்தாய்? போன வாரம் இரண்டையும் சேர்த்து மிக்ஸியில் அடித்துக் குடித்துவிட்டு, அதைத் தளத்தில் பெருமையாக எழுதினேன். மறுநாள் லேசான காய்ச்சல், அவ்வளவுதான். சில நாள் எதுவும் எழுதவில்லை. அதற்குள் ஊரில் முடிவு கட்டிவிட்டீர்கள்.

நேற்று ஞானத்தாய் போன் செய்தார். நான் எடுத்ததும் ஒரே அலறல்.

"யாருடா அது, செத்தவன் போனை எடுத்துப் பேசுறது?"

"நான்தான் ஜெனிவால்டோ. சாகலை."

"உன் ஏழாம் நாள் துக்கப் பூசைக்குச் சர்ச் சாமியார்கிட்ட சொல்லியாச்சேடா! இப்ப வந்து சாகலைங்கிறியே!"

தளத்தைத் திறந்தால் இரங்கல் மேல் இரங்கல். என்னைக் கண்டாலே எரிந்துவிழும் நம் ஊர்க் கடைக்காரர் வால்டெமார்கூட, தங்கமான பையன் என்று எழுதியிருக்கிறார். அழிக்க மனம் வரவில்லை.

பூசையை நிறுத்தாதே, நன்றிப் பூசையாக மாற்றிவிடு. துக்கத்துக்கு எடுத்த கறுப்பு உடையைப் பெட்டியில் வை. கொஞ்சம் மரவள்ளி மாவு அனுப்பு, இங்கே கிடைப்பது மரத்தூள்.

காய்ச்சலில் கிடந்தபோது இந்தக் கட்டடத்தில் ஒருவரும் கதவைத் தட்டவில்லை அம்மா. நான் இல்லை என்று கவனிக்க, அவ்வளவு தூரத்திலிருக்கும் நம் ஊர்தான் வேண்டியிருந்தது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

இன்னும் சாகாத உன் மகன்,
ஜெனிவால்டோ