முதல் அடியில் சும்மா இருப்பது

எசன், ஜேர்மனி, 14.11.2006, செவ்வாய்

இன்று மண்டபத்தில் எங்கள் கியூபா இசைக்குழுவுக்குப் பயிற்சி. பன்னிரண்டு பேரும் என் கையிலுள்ள இரண்டு குச்சிகளின் ஓசையைக் கேட்டுத்தான் வாசிப்பார்கள். அந்தத் தாளத்தில் முதல் அடிக்கு ஓசை கிடையாது. இரண்டாவதில்தான் தட்ட வேண்டும். என் கையோ நாற்பது வருடம் கோயில் பசனையில் முதல் அடிக்குத் தாளம் போட்ட கை. இன்றும் தட்டிவிட்டது. மேளங்கள் தடுமாறி நின்றன. மூன்று முறை இப்படியே நடந்தது.

பக்கத்தில் கிலுக்கி ஆட்டும் யோகம் சிரித்தாள்.

"அண்ணை, முருகன் எங்கயும் ஓடமாட்டார். கொஞ்சம் பொறுத்துத் தட்டுங்கோ."

"ஏலாது பிள்ளை. கை கேக்குதில்லை."

குழுவை நடத்தும் கியூபாக்காரி குச்சிகளை வாங்கி யோகத்திடம் கொடுத்தாள். சனிக்கிழமைக் கச்சேரியை நான் மேடைக்குக் கீழே இருந்துதான் கேட்கப் போகிறேன்.

எழுபத்தொரு வயதில், இந்த வருடம்தான் எழுதப் பழகினேன். ஒவ்வொரு எழுத்தும் இன்னும் சந்தோஷம் தருகிறது. அதனால் அந்தத் தாளத்தையும் எழுதிப் பார்த்தேன். தட்டும் இடத்தில் கோடு, மற்ற இடம் வெறுமை. ஐந்து வரி எழுதினேன். ஐந்திலும் முதல் இடத்தில் கோடு நிற்கிறது.